பதினோரு வினாடி நின்ற தாய்மாமன்

நவம்பர் 4

இதை டாக்டரம்மா ரெஹானா எழுதச் சொன்னார். "மயக்கம் எப்ப வருது, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தீங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிட்டு வாங்க. ஒண்ணு விடாம" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வருவது மயக்கம் இல்லை. குட்டித் தூக்கம். ஊரே ராத்திரி படுத்துத் தூங்குகிறது, நான் பகலில் நின்றபடியே தூங்குகிறேன். இதற்குப் போய் கோயமுத்தூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து இதய டாக்டரிடம் உட்கார வைத்துவிட்டாள் என் மனைவி துளசிமணி.

பெயர் நல்லசிவம். வயது நாற்பத்தொன்று. காங்கேயத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் துளசி கம்ப்யூட்டரில் டிசைன் செய்வாள், நான் பிரின்ட் எடுத்து ஏணி போட்டுக் கட்டுவேன்.

போன வாரம் ஒரு மண்டப வாசலில் ஏணி மேல் நின்று, பேனரில் இருந்த மாப்பிள்ளையின் தலைக்கு மேலே கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். கம்பி விரலைக் கிழித்துவிட்டது. ஒரே ஒரு சொட்டு ரத்தம். பார்த்தேன், அவ்வளவுதான். கண் விழித்தபோது வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே கிடந்தேன். முன்பல்லில் பாதியைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் வாழைமரம் சாய்ந்துவிட்டதே என்று பதறினார்கள். பல்லைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

ரத்தம் ஆகாது, ஊசி ஆகாது, ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்பதும் ஆகாது. மற்றபடி நான் இரும்பு.

நவம்பர் 6

தங்கை பூங்கொடி போன் செய்தாள். அவளுடைய பெண் குழந்தைக்கு மாசி பிறப்பதற்குள் காதுகுத்து வைத்துவிட்டார்களாம். பிப்ரவரி எட்டாம் தேதி, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். குழந்தைக்கு சஹஸ்ரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதிப் பல்லோடு அதைச் சொன்னால் எச்சில்தான் தெறிக்கிறது. நான் குட்டி என்றே கூப்பிடுகிறேன்.

"ரொம்ப சந்தோசம் கண்ணு" என்றேன்.

"அண்ணா, நீ கோவிச்சுக்கக் கூடாது. மடியில வெச்சுக்கறதுக்கு ஜெகா அண்ணனக் கேட்டிருக்கறோம். நீ சீர்த்தட்டோட முன்னால வந்தாப் போதும்."

ஜெகநாதன் எங்கள் சித்தப்பா மகன். அவனும் தாய்மாமன் முறைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கூடப் பிறந்தவன் நான் கல்லுக்குண்டாக உயிரோடு இருக்கிறேன். கூடப் பிறந்தவன் மடியை விட்டுவிட்டு வேறொரு மடியைத் தேடுகிறார்கள் என்றால் ஊர் என்ன பேசும்?

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய மூத்த பையன் கவினுக்குக் காது குத்தும்போது நான்தான் மடியில் வைத்திருந்தேன். ஆசாரி இடது காதைக் குத்தி முடித்தது வரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீதியெல்லாம் கேள்விப்பட்டதுதான். நான் பக்கவாட்டில் சாய்ந்தேனாம், பையனும் என்னோடு சாய்ந்தானாம், வலது காதில் ஓட்டை ஒரு விரல் மேலே ஏறிவிட்டதாம். இன்றைக்கும் அவன் கடுக்கன் போட்டால் ஒன்று கீழ்வீட்டிலும் இன்னொன்று மாடியிலும் குடியிருக்கும். ஆசாரி கொஞ்சம் நிதானமாக இருந்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

"சரி கண்ணு" என்று போனை வைத்துவிட்டு, பிரின்டரைத் துடைத்தேன். காலையில்தான் துடைத்திருந்தேன். பரவாயில்லை, இன்னொரு தடவை துடைத்தால் தேய்ந்தா போகும்?

நவம்பர் 11

கோயமுத்தூரில் டெஸ்ட். ஒரு கட்டிலில் படுக்கவைத்து, ஃபிரேமில் ஃபிளெக்ஸைக் கட்டுவதுபோல் பெல்ட் போட்டுக் கட்டி, கட்டிலையே நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள். நாக்குக்கு அடியில் ஏதோ மருந்தை அடித்தார்கள். நர்ஸிடம் இந்தக் கட்டிலுக்கு நல்ல விளம்பர போர்டு ஒன்று வைக்கலாமே என்று சொல்ல ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. முடித்தேனா என்று தெரியவில்லை.

எழுந்ததும் டாக்டரம்மா ஒரு நீளக் காகிதத்தைக் காட்டினார். மேலும் கீழுமாகக் கோடு ஓடி, நடுவில் தட்டையாகப் படுத்து, பிறகு மறுபடி துள்ளியது.

"நடுவுல இங்க் தீந்துபோச்சுங்களா?" என்றேன்.

"அது நீங்க. பதினோரு செகண்ட் உங்க இதயம் அடிக்கவே இல்ல."

துளசி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தியது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இதயத்துக்கு பிரேக் போட ஒரு நரம்பு இருக்கிறதாம். எல்லோருக்கும் அது மெதுவாக அழுத்தும், எனக்கு மட்டும் ரத்தத்தைக் கண்டதும் ஏறி மிதிக்கிறதாம். நிறையத் தண்ணீர் குடிக்கலாம், உப்பு சேர்த்துக்கொள்ளலாம், தலை சுற்றும்போது காலைப் பின்னிக்கொண்டு உடம்பை முறுக்கலாம். அதெல்லாம் பலிக்காவிட்டால் பேஸ்மேக்கர் வைக்கலாம். இல்லையென்றால் புதிதாக ஒரு வழி இருக்கிறது: தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இதயத்துக்குள் விட்டு, அந்த நரம்பு வந்து சேரும் இடங்களில் சூடு வைப்பது.

"எங்கூர் மாட்டுக்கு வெக்கறாப்பலங்களா?"

"அதைவிடச் சின்னதா" என்று சிரித்தார். "மொதல்ல தண்ணியும் உப்பும் பாப்போம்."

காங்கேயத்தில் எவன் இதயம் பதினோரு வினாடி நின்று திரும்பி வந்திருக்கிறது? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 15

தண்ணீர் குடித்தேன். பாத்ரூம் போனேன். தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 19

ஜெகநாதன் கடைக்கு வந்தான். கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "அண்ணா, காதுகுத்துக்கு ஒரு பேனர் வேணும். கோயிலுக்கு வர்ற ரோட்டுலயே வெக்கோணும்" என்றான்.

"போட்டாப் போச்சு."

"நடுவுல என்ற போட்டோ பெருசா வரோணும். கீழ 'தாய்மாமன்'னு போட்டுருங்க. குட்டி போட்டோ மூலைல இருந்தாப் போதும்."

இவனுக்குக் காதுகுத்தா, குழந்தைக்கா? ஊரில் எத்தனை கடை இருக்கிறது. என் கடைக்கே வந்து, என் கையாலேயே என் பதவியைப் பிடுங்கிக்கொள்கிறான். துளசி கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் திருப்பாமல், "தம்பி, முன்னந்தலைல முடி கொஞ்சம் எச்சா வெச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டாள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவன் போன பிறகு நானே உட்கார்ந்து டிசைன் செய்தேன். அவன் படத்துக்குக் கீழே 'பந்தி மேற்பார்வை' என்று போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. துளசி அழித்துவிட்டாள்.

சாயங்காலம் ரோட்டோரம் ஒரு போர்டு கட்டும்போது தலை கிறுகிறுத்தது. காலைப் பின்னி, கையை முறுக்கி, பல்லைக் கடித்து நின்றேன். பார்த்தவர்களுக்கு வேறு அவசரம் என்று தோன்றியிருக்கும். ஒருத்தர் வந்து, பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது என்று வழி சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிட்டேன்.

நவம்பர் 24

இன்று டாக்டரம்மாவிடம் சூடு வைக்கும் விஷயத்தைப் பேசப் போனோம். துளசி கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"இத எத்தன பேத்துக்குச் செஞ்சிருக்கறீங்கம்மா?"

"நான் இருவத்திமூணு பேருக்கு. ஒளிக்காமச் சொல்றேன், இது புதுசு. பல வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு உலகத்துல யாருக்கும் முழுசாத் தெரியாது."

"அதுல ஆருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"ஒருத்தருக்குத் தொடையில பெரிய ரத்தக்கட்டு. ஒரு பொண்ணுக்கு இதயம் வேகமாவே அடிக்குது, மாத்திரை சாப்பிடறாங்க. ரெண்டு பேருக்கு மயக்கம் திரும்பி வந்துச்சு, நரம்பு மறுபடி முளைக்கும். இதெல்லாம் நான் பாத்தது. பாக்காததையும் சொல்லணும். இதயச் சுவர்ல ஒயர் குத்திடலாம். எங்கயாவது ஒரு ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். மூச்சுக்கான நரம்பும் வயித்துக்கான நரம்பும் பக்கத்துலயே ஓடுது, அதுல சூடு பட்டா..."

"வயித்துக்கா?" என்று நிமிர்ந்தேன்.

"சாப்பிட்டது சீக்கிரம் இறங்காது. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்ச மாதிரி இருக்கும். அபூர்வம்தான்."

"பக்கவாதம்கூடப் போச்சாதுங்க, வந்தா வந்துட்டுப் போகுது. கெடா விருந்துல உக்காந்து ரெண்டு வாயில எந்திரிச்சா எங்க சனத்துல தலை காட்ட முடியாதுங்களே."

துளசி என் காலை மிதித்தாள். டாக்டரம்மா காகிதத்தில் இதயம் வரைந்து, சுவரில் ஓட்டை விழுந்தால் ரத்தம் எங்கே வந்து சேரும் என்று சிவப்புப் பேனாவால் தீட்டினார். அவர் மேல் தப்பில்லை. நல்லாத்தான் தீட்டினார்.

கண் விழித்தபோது தரையில் படுத்திருந்தேன், கால்கள் இரண்டும் நாற்காலி மேல் இருந்தன.

"கையெழுத்து இன்னிக்கு வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "வீட்டுக்குப் போய் யோசிங்க. உங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"தொழில்ங்க. ஏணி ஏறணும்."

"பொய்யுங்க" என்றாள் துளசி. "பிப்ரவரில தங்கச்சி கொழந்தைக்குக் காதுகுத்து. மடியில வெச்சுக்கோணுமாம். அதுக்குத்தான் குதிக்கறாரு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "காதுகுத்துக்காக ஒருத்தர் இதயத்துக்குள்ள நான் ஒயர் விடமாட்டேன். ஏணியில இருந்து விழுந்து சாகக் கூடாதுன்னா, விடறேன். இன்னொண்ணு, இதயம் நிக்காமப் பாத்துக்க முடியும். ரத்த அழுத்தம் தானா இறங்கி மயக்கம் வந்தா, அதை இந்தச் சூடு தடுக்காது. காதுகுத்துல விழமாட்டீங்கன்னு என்னால எழுதித் தர முடியாது."

"ஏணிக்குத்தானுங்க" என்றேன். 

ஏணிக்காகத்தான். டைரியிலும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 2

தேதி குறித்தாயிற்று. டிசம்பர் பத்து.

கடையில் கூட்டம் இல்லை. சும்மா இருப்பானேன் என்று என் போட்டோவை வைத்து ஒரு டிசைன் செய்தேன். தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன்: தாய்மாமன் பேனருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் பெரிய வேற்றுமை கிடையாது. அதே வெள்ளைச் சட்டை, அதே கும்பிட்ட கை. பின்னால் மேகம் வைத்தால் அது, குத்துவிளக்கு வைத்தால் இது. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே டிசைனாகச் செய்து வைத்தால், பத்தாம் தேதிக்கு அப்புறம் தேவைப்பட்ட எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். துளசிக்கும் அந்த நேரத்தில் வேலை மிச்சம்.

அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. ஸ்டீல் ஸ்கேலால் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, உண்மையாகவே வலித்தது. கடை சாத்தும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த போட்டோல நீங்க நல்லாவே இல்லீங்க. நாளைக்கு வேற எடுக்கலாம்."

டிசம்பர் 9

அட்மிட் ஆகிவிட்டேன். பச்சை கவுன், பின்னால் கட்டு இல்லை. இதைத் தைத்தவன் என் கையில் கிடைக்க வேண்டும். எனக்கு ஒரு பயமும் இல்லை.

டிசம்பர் 10

இன்றைக்கு எழுதுவது துளசிமணி. அவர் படுத்திருக்கிறார். காலை நீட்டியபடி அசையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அது ஒன்றே அவருக்குப் பெரிய தண்டனை.

டாக்டரம்மா, நேற்று இவர் எழுதியதைப் படித்தேன். பயமில்லையாம். காலையில் தள்ளுவண்டியில் போகும்போது வார்டு முழுக்கச் சிரிக்க வைத்தார். தள்ளிக்கொண்டு போனவரிடம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் அடிக்கச் சொன்னார். கதவுகிட்டே வந்ததும் என் சேலைத் தலைப்பைப் பிடித்தவர் விடவில்லை. நர்ஸம்மா விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். "துளசி, குட்டிக்குச் செஞ்ச தோடு பீரோவுல கீழ்த்தட்டுல இருக்குது" என்று சொன்னார். அந்தத் தோட்டை எப்போது செய்தார் என்று எனக்கே தெரியாது.

மத்தியானம் நீங்கள் வெளியே வந்து, முதலில் கழுத்துப் பக்கம் நரம்பைத் தூண்டியபோது இதயம் நின்றது, சூடு வைத்த பிறகு தூண்டினால் நிற்கவில்லை என்றீர்கள். எனக்குப் பாதி புரிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து மீதியைப் புரிந்துகொண்டேன். அரை மணி கழித்து மறுபடி வந்து, ஸ்கேனில் இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் தெரிகிறது, கூடினால் ஊசி விட்டு எடுக்க வேண்டியிருக்கும், கூடாமலும் போகலாம் என்றீர்கள். அப்போதும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஊசி என்ற வார்த்தை கேட்டால் போதும் அவருக்கு.

டிசம்பர் 11

மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது. ஜோக் எதுவும் வரவில்லை.

டிசம்பர் 12

நீர் கூடவில்லை. வற்றிக்கொண்டு வருகிறதாம். டாக்டரம்மா இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் விளக்கினார். நேற்று முழுக்க இரண்டு பெண்களும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கிற பையன்கள் வந்து வந்து நெஞ்சில் ஜெல் தடவியபோதெல்லாம், இது எல்லோருக்கும் செய்வது என்றாள் இந்தத் துளசி. ஊசி தயாராக டிரேயில் இருந்ததாம். இப்போது கேட்டதற்கே காது அடைத்தது, கண் இருட்டியது, சரி, விழப்போகிறோம் என்று தலையணையைப் பிடித்தேன்.

விழவில்லை. இதயம் திடுதிடுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மானிட்டரைப் பார்த்து டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். துளசி அழுதுவிட்டாள். ஊசி போடாமல் தப்பித்ததற்கு யாராவது அழுவார்களா?

டிசம்பர் 15

வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். வலது தொடை இடுக்கில் ஆரம்பித்து முட்டி வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கிறது. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இப்படியாம், தானாகச் சரியாகுமாம். வருகிற ஒவ்வொருத்தரும் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, "எங்க, காட்டுங்க பாக்கலாம்" என்கிறார்கள். இருக்கிற இடம் அப்படி. எங்கே காட்டுவது? பெரியத்தை மட்டும் விடுவதாக இல்லை. "நான் பாக்காததா, சின்னப்புள்ளையா உன்னைக் குளிப்பாட்டினவளே நாந்தான்" என்று போர்வையை இழுத்தாள். கோழி அமுக்குகிற மாதிரி போர்வையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பூங்கொடி வந்தாள். குட்டி என் முகத்தைப் பார்த்து, உடைந்த பல்லில் விரலை விட்டுப் பார்த்தாள். யாரும் மடியைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் 28

இதயம் முன்னைவிட வேகமாக அடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவன் மாதிரி இருக்கிறது. பிரேக் நரம்பைச் சுட்டால் அப்படித்தான் இருக்கும், பல பேருக்கு நாளாவட்டத்தில் குறையும் என்றார் டாக்டரம்மா.

வயிற்றையும் சோதித்துப் பார்த்தேன். ஆறு தோசை. இறங்கிவிட்டது. ஏழாவதைத் துளசி தரவில்லை, அதனால் சோதனை முழுமையடையவில்லை.

ஜனவரி 11

துளசி என்னைக் கறிக்கடைக்குக் கூட்டிப்போனாள். இத்தனை வருஷமாக வீட்டுக்குக் கறி வாங்குவது அவள் வேலை. நான் பொரித்த பிறகுதான் கோழியோடு பழகுவேன்.

"கண்ண மூடாதீங்க" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் கத்தியை எடுத்தார். எனக்குக் காது அடைத்தது, வேர்த்தது. நெஞ்சு தறி மாதிரி அடித்தது. ஆனால் நின்றேன். கோழி முழுசும் துண்டாகி, பையில் விழுந்து, துளசி அரைக் கிலோ ஈரல் கேட்டு, இல்லையென்று அவர் சொல்லி, அந்தச் சண்டை முடிகிற வரைக்கும் நின்றேன்.

"ஏனுங்க, இன்னும் நிக்கறீங்களே!" என்று கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். அவர் போன தீபாவளிக்குக் கடைக்கு போர்டு கட்டப் போய் விழுந்த என்னைத் தூக்கி உட்கார வைத்தவர்.

ஜனவரி 25

பூங்கொடி வீட்டுக்குப் போய், கறிக்கடைக் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை தனசேகர் சிரித்தார். பூங்கொடி சிரிக்கவில்லை.

"கோழி வேற அண்ணா. கொழந்த வேற."

"எனக்குத் தெரியாதா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தாங்களா, விழமாட்டேன்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "இல்ல கண்ணு. எழுதித் தரமாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

கையிலிருந்த வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். பிறகு சொன்னாள். "நீயே உக்காரு. ஜெகா அண்ணன் பக்கத்துலயே இருக்கட்டும். நீ சாஞ்சீன்னா வெசயா, விழறதுக்குள்ள வாங்கிக்கட்டும்." 

ஆக, ஜெகநாதன் எனக்கு ஸ்டெப்னி. அவன் பேனரை அவன் கேட்டபடியே பெரியதாக அடித்துக் கொடுத்துவிட்டேன், பாவம். முடியும் துளசி புண்ணியத்தில் எச்சாகவே இருக்கிறது.

பிப்ரவரி 8

இதை சீர் ஏற்றி வந்த வேனில் உட்கார்ந்து ஒரு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் டாக்டரம்மா மன்னிக்க வேண்டும்.

காலையிலேயே குட்டிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவிவிட்டார்கள். ஜமக்காளத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஜெகநாதன், பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு, மடியை விரித்துத் தயாராக இருந்தான். எதிரில் துளசி. ஊரே சுற்றி நின்றது. குழந்தையைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை, நான் விழுவதைப் பார்க்க வந்த கூட்டம். இரண்டு பேர் போனில் வீடியோவே எடுத்தார்கள்.

பூங்கொடி குட்டியை என் மடியில் வைத்தாள். குட்டி என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். ஆசாரி காதில் பொட்டு வைத்தார். நான் அவள் தலையை என் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். நெஞ்சு என்ன அடி அடித்தது. ஆசாரி கம்பியை எடுத்தார், குத்தினார், ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

நான் விழவில்லை. இத்தனை வருஷமாக இந்த இடத்தில் எனக்குக் கரண்ட் போய்விடும், அதற்கப்புறம் நடப்பதை யாராவது சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை கரண்ட் போகவே இல்லை, எல்லாமே தெரிந்தது. குத்தியவுடனே அவள் அழவில்லை. முதலில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிடித்துக்கொண்டிருந்தது நீதானே என்கிற மாதிரி ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் உதடு பிதுங்கி, வாய் திறந்து, அழுகை வந்தது. ஐயோ, என் தங்கமே! இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே. எல்லா மாமனும் இதைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறான்?

ஆசாரி அடுத்த காதுக்குத் திரும்பினார். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏனப்பா, எங்க போறே?" என்றாள் பெரியத்தை.

"போதுமுங்க. ஒரு காது போதும்."

ஓடினேன். ஆமாம் டாக்டரம்மா, ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். அடுப்பு மூட்டிக் கறி வேகிற இடத்தைத் தாண்டி, மேளக்காரர்களைத் தாண்டி, இந்த வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பின்னாலேயே ஊர் ஓடிவந்தது. நான் விழுவதைப் பார்க்க வந்தவர்களுக்கு இன்றைக்கு நல்ல தீனி. குட்டி என் கழுத்தில் முகத்தை வைத்து வீல் வீலென்று அழுதாள். நானும் அழுதேன். அவளைவிடச் சத்தமாகவே அழுதிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் பூங்கொடி மட்டும் தனியாக ஜன்னலுக்கு வந்தாள்.

"கதவத் தொற அண்ணா."

"மாட்டேன்."

"ஒத்தக் காதுல தோடு போட்டு எப்படி வளத்தறது?"

"உன்ற மகன் ரெண்டு மாடிக் காதோட வளரலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நீ பேசாம மயங்கியே விழுந்திருக்கலாம் போ. அதுகூடத் தேவல" என்றாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, குட்டியைத் தொடவில்லை, என் தலையைத்தான் தடவினாள். "அன்னிக்கு நீ விழுந்தப்ப, காது கோணலாப் போச்சுன்னு உன்ற மேல எனக்குக் கோவம்னுதானே நெனச்சுட்டிருக்கறே? செத்துப்போயிட்டியோன்னு இருந்துச்சு அண்ணா. மறுபடி அத என்னால பாக்க முடியாதுன்னுதான் உன்னைய உக்கார வேண்டாம்னேன்."

இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். கதவைத் திறந்தேன்.

திரும்பிப் போனபோது ஜமக்காளத்தில் என் இடத்தில் ஜெகநாதன் உட்கார்ந்திருந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "குடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினான்.

"ஜெகா அண்ணா, எந்திரிங்க" என்றாள் பூங்கொடி. "அது என்ற அண்ணன் எடம்."

சத்தமாகவே சொன்னாள். வீடியோ எடுத்தவர்கள் போனில்கூட விழுந்திருக்கும்.

உட்கார்ந்தேன். "கண்ண மூடிக்கங்க" என்று ஆசாரி இரக்கப்பட்டார். மூடவில்லை. குத்தியதும் அவள் என்னைத்தான் பார்ப்பாள், அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆவது? பார்த்தாள். நானும் பார்த்தேன். அழுதாள், என் தோளைக் கடித்தாள், அப்படியே தூங்கிப்போனாள். தூங்கினவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி இந்த வேனுக்கே வந்துவிட்டேன்.

இன்னும் என் மேலேயேதான் தூங்குகிறாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அந்தச் சத்தத்தில் இவள் எப்படித் தூங்குகிறாள் என்றே தெரியவில்லை. பந்திக்கு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். கறி மணம் வேன் வரைக்கும் வருகிறது. துளசி வந்து, குழந்தையை வாங்கிக்கொள்கிறேன், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றாள். வேண்டாம், நீ போய் சாப்பிடு, எனக்கு இப்போது பசியில்லை என்று அனுப்பிவிட்டேன்.